அம்மம்மாவின் அலுமாரியில் அமெரிக்கக் கண்ணாடியா? வாசகர் கேள்வி பதில்

உருகிய கண்ணாடியை அச்சுக்குள் அமுக்கிச் செய்த பழைய அமெரிக்க அச்சுக்கண்ணாடிப் பாத்திரங்களைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்த அரைப் பக்கத்துக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படம் எடுத்து அனுப்பியவர்கள், பென்சிலால் கீறி அனுப்பியவர்கள், பாத்திரத்தையே பையில் போட்டுக்கொண்டு வந்து காட்டியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் அம்மம்மாவிடம் கால் வைத்த பாரமான கண்ணாடிக் கோப்பை ஒன்று இருந்தது, வெளிப்பக்கம் முழுக்க வைரம் வைரமாக வெட்டு. மிஷன் அம்மா ஒருத்தர் தன் தாய்க்குக் கொடுத்தது என்று சொல்லுவா. 95 இடப்பெயர்வில் அதைப் பழைய சீலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் சாவகச்சேரி மட்டும் நடந்தவ. இப்போது என்னிடம் இருக்கிறது. இது கையால் வெட்டியது என்கிறார் அண்ணா, அச்சில் செய்தது என்கிறா மாமி. அமெரிக்கப் பொருள்தானா, எப்படிக் கண்டுபிடிப்பது? (உடுவிலிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் மாமியையும் அண்ணாவையும் சமாதானப்படுத்துவோம். கோப்பையைக் கையில் எடுத்து உள்பக்கம் விரலை ஓட்டுங்கள், அது வழுவழுவென்று இருக்க வேண்டும். அச்சுக்கண்ணாடியில் வடிவம் எல்லாம் வெளிப்பக்கம்தான் இருக்கும். இடியப்ப உரலில் மாவை வைத்து மேலே இருந்து அமுக்குகிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான், ஆனால் அடியில் ஓட்டை கிடையாது. உருகிய கண்ணாடியை ஒருவர் கம்பி நுனியில் திரட்டிக் கொண்டுவந்து இரும்பு அச்சுக்குள் தொங்கவிடுவார், அச்சுக்காரர் தேவையான அளவு விழுந்ததும் கத்தரியால் வெட்டிவிட்டு நெம்புகோலை இழுப்பார், மொழுமொழுவென்ற உலக்கை ஒன்று உள்ளே இறங்கிக் கண்ணாடியை அச்சின் சுவர்களோடு நெரிக்கும். வெளியே அச்சின் வேலைப்பாடு பதியும், உள்ளே உலக்கையின் மொழுமொழுப்பு. ஊதிச் செய்த அச்சுப் பாத்திரமாக இருந்தால் வெளியே புடைத்த இடத்தில் உள்ளே குழியும், விரல் அதை உடனே சொல்லிவிடும்.

அடுத்தது விளிம்புகள். கையால் சக்கரத்தில் வெட்டிய கண்ணாடியில் ஒவ்வொரு வைரத்தின் முனையும் விரலில் கூராகக் கீறும். அச்சில் வந்தது கொஞ்சம் மழுங்கி, சவர்க்காரக் கட்டியை இரண்டு நாள் பாவித்த மாதிரி இருக்கும். பிறகு ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அச்சு இரண்டு, மூன்று, நான்கு துண்டுகளாகத் திறக்கும் என்பதால் அவை சேரும் இடத்தில் ஒரு பொருத்துவரி மேலிருந்து கீழாக ஓடும். நல்ல அச்சுக்காரர்கள் அதை வடிவத்தின் மூலையில் ஒளித்துவிடுவார்கள், அதனால் அவசரப்படாமல் தேடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் காலுக்கு மேலே ஒரு வரி எனக்குத் தெரிகிறது. மாமி சொன்னதுதான் சரி.

அமெரிக்காவா என்பது கஷ்டமான கேள்வி. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது, உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இல் தொடங்கியது, வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்தார். இவர்களை அனுப்பிய சபை பொஸ்டனில் இருந்தது, கிறீன் மாசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர்க்காரர். அச்சுக்கண்ணாடியின் தொடக்க காலப் பெரிய தொழிற்சாலைகள் இரண்டும் அதே மாசசூசெற்ஸில்தான் இருந்தன: ஒன்று கிழக்குக் கேம்பிரிட்ஜில் 1818இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து கண்ணாடிக் கம்பனி, மற்றது டெமிங் ஜார்விஸ் என்பவர் கேப் கொட் கடலோரத்துச் சாண்ட்விச் ஊரில் 1825இல் தொடங்கியது. ஆகவே ஒரு மிஷன் அம்மாவின் பெட்டிக்குள் இந்தக் கண்ணாடி ஒன்றிரண்டு கப்பலேறியிருந்தால் அதில் அதிசயம் இல்லை. ஆனால் அம்மம்மாவின் கதையை வைத்து மட்டும் நான் முடிவு சொல்ல மாட்டேன். அக்காலத்து இலங்கை பிரித்தானியர் கையில் இருந்தது, இங்கிலாந்திலும் இதே முறையில் மலைமலையாகச் செய்தார்கள், நம் வீடுகளில் இருப்பதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வசதி உண்டு. இங்கிலாந்துக் கண்ணாடியில் பல நேரம் அடையாளம் இருக்கும். 1842 முதல் 1883 வரை பதிவு செய்த வடிவங்களுக்கு வைர உருவில் ஒரு முத்திரை, 1884க்குப் பிறகு பதிவு எண். கேற்ஸ்ஹெட் ஊர்ச் சவர்பி கம்பனிப் பொருளில் மயில் தலை. உட்பக்க அடியிலும் காலின் கீழும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். பழைய அமெரிக்கப் பாத்திரங்களில் பெரும்பாலும் எந்த முத்திரையும் இராது, வடிவத்தை வைத்துத்தான் இனங்காண வேண்டும். முத்திரை அகப்பட்டால் எழுதுங்கள், அகப்படாவிட்டால் நாலு பக்கமும் படம் எடுத்து அளவோடு அனுப்புங்கள், வடிவப் பட்டியல்களோடு ஒத்துப் பார்க்கிறேன்.

அடிவளையத்தையும் பாருங்கள். உண்மையாகப் பாவித்த பாத்திரத்தின் அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக, தொடும்போது மென்மையாக இருக்கும். பழசாக்கிக் காட்ட யாரும் உரைத்திருந்தால் கீறல் எல்லாம் ஒரே பக்கம் ஓடும்.

கேள்வி: எப்படிப் பார்த்தாலும் அச்சுக்கண்ணாடி என்பது வெட்டுக் கண்ணாடியின் போலிதானே? இதை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்? (மானிப்பாய்)

பதில்: நன்றாகக் கேட்டீர்கள், இதற்குத்தான் நான் காத்திருந்தேன். தொடக்கத்தில் வெட்டுக் கண்ணாடியைப் பார்த்துத்தான் செய்தார்கள், மறுக்கவில்லை. 1820களில் பிற்ஸ்பேர்க்கிலும் மாசசூசெற்ஸிலும் முதலில் அமுக்கியவை தளபாடக் கைப்பிடிகள் போன்ற சின்னச் சாமான்கள். 1825இல் ஜோன் பேக்வெல் என்பவர் பெற்ற காப்புரிமையே அலுமாரி லாச்சிகளுக்கான கண்ணாடிக் குமிழுக்குத்தான். ஆனால் அச்சுக்கு ஒரு குறை இருந்தது. கண்ணாடி குளிர்ந்த இரும்பைத் தொட்ட இடத்தில் சுருக்கம் விழும், கத்தரி வெட்டிய தழும்பு அப்படியே நிற்கும். இதை மறைக்க 1830களில் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள்: பின்னணி முழுக்க நுண்ணிய புள்ளிகளை நெருக்கமாகக் குத்தி, அதன் மேல் சுருள் இலை, இதயம், கழுகு, கப்பல் என்று வைத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் பின்னல் லேஸ் துணியை விரித்த மாதிரி வெள்ளியாக மின்னும், அதனால்தான் இதற்கு லேஸ் கண்ணாடி என்றே பெயர் வந்தது. வெட்டுச் சக்கரத்தால் இதைச் செய்யவே முடியாது. குறையை மறைக்கப் போய்க் கண்ணாடியில் அதுவரை இல்லாத ஒரு அழகைக் கொண்டுவந்துவிட்டார்கள், அதைப் போலி என்று நான் எப்படிச் சொல்வேன்?

இன்னொன்றும் இருக்கிறது. வெட்டுக் கண்ணாடி பணக்காரர் மேசைக்கு. ஒரு கிண்ணத்தைச் சக்கரத்தில் வெட்டி மினுக்க ஒரு தொழிலாளிக்கு மணிக்கணக்கில் ஆகும். அச்சில் ஒரு கூட்டம் ஆட்கள் சேர்ந்து நின்றால் நிமிடத்துக்கு நிமிடம் ஒன்று விழும். விவசாயி வீட்டிலும் ஆலைத் தொழிலாளி வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் மூடி போட்ட வெண்ணெய்ப் பாத்திரமும் சீனிக் கிண்ணமும் வந்தது இதனால்தான். பின்னால் படக்கதை மாதிரி வடிவங்களும் வந்தன. பிலடெல்பியாவின் கிலிண்டர் கம்பனி மூடிக் குமிழில் சிங்கத்தையே உட்கார வைத்தது, அதே கம்பனி குடிசையும் காட்டெருமையும் மானும் பதித்து மேற்கு நோக்கிப் போனவர்களின் கதையைச் சீனிக் கிண்ணத்தில் சொன்னது. 1892இல் வேறொரு கம்பனி உண்மையான அமெரிக்க நாணயங்களின் பதிவை வைத்து ஒரு தொகுதி செய்தது, அது கள்ள நாணயம் அடிப்பதற்குச் சமம் என்று அரசாங்கம் நிறுத்திவிட்டது!

ஒரு சின்னத் தகவல். சாண்ட்விச் ஊரில் ஆலை வைத்தது அங்குள்ள கடற்கரை மணலுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த மணல் கண்ணாடிக்கு உதவாது, நல்ல மணலை வெளியிலிருந்துதான் கப்பலில் இறக்கினார்கள். சூளைக்கு விறகுக் காடும் சரக்கேற்றக் கடல்வழியும் இருந்ததுதான் காரணம். நம் அம்பன், வல்லிபுரப் பக்கத்து வெள்ளை மணலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும், இங்கே மணல் இருக்கிறது, ஆலைதான் வரவில்லை.

கேள்வி: எங்களிடம் இரண்டு கால் கிளாஸ்கள் இருக்கின்றன, பார்க்க ஒரே மாதிரி. ஒன்றைத் தட்டினால் கோயில் மணி போல நீளமாக ஒலிக்கிறது, மற்றது டொக் என்று நிற்கிறது. ஏன்? (கொக்குவில்)

பதில்: ஒலிப்பதில் ஈயம் இருக்கிறது. அமெரிக்கர்கள் அந்தக் காலத்தில் நல்ல கண்ணாடியை ஈய ஒக்சைட் சேர்த்துத்தான் செய்தார்கள். பாரம் கூட, மினுக்கம் கூட, ஒலியும் நீளம். 1864இல் வீலிங் நகரத்து ஹொப்ஸ் புரொக்கூனியர் ஆலையில் வில்லியம் லெய்ட்டன் என்பவர் ஈயத்துக்குப் பதிலாகச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து ஒரு நல்ல கலவை கண்டுபிடித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம் அது, ஈயம் துவக்குக் குண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதுக் கலவை மலிவு, பாரமும் குறைவு, சீக்கிரம் இறுகும் என்பதால் அச்சுக்கு இன்னும் வசதி. ஒலிதான் போய்விட்டது. ஈயத்தை விட மனமில்லாத பழைய மாசசூசெற்ஸ் ஆலைகள் இந்தப் போட்டியில் களைத்துப் போயின. 1888இல் சாண்ட்விச் ஆலையின் சூளை அணைந்தது, அதே வருடம் நியூ இங்கிலாந்து கம்பனியும் ஒஹாயோ மாநிலத்து டொலீடோவுக்கு இடம்பெயர்ந்தது.

ஒலிப்பது அநேகமாக 1860களுக்கு முந்திய வகை என்று கொள்ளலாம், ஆனால் தட்டும்போது நகத்தால் மெதுவாகத் தட்டுங்கள், கரண்டி வேண்டாம். கிண்ணம் மாதிரி அகன்று தடித்த பாத்திரம் ஈயமே இருந்தாலும் சரியாக ஒலிக்காது, அதையும் நினைவில் வையுங்கள். முக்கியமான ஒன்று: ஒலிக்கும் கண்ணாடியில் தேசிக்காய்ச் சாறு, ஊறுகாய், வினாகிரி எதையும் ஊற்றி வைக்க வேண்டாம். புளிப்பு ஈயத்தை மெல்லக் கரைத்து எடுக்கும்.

கேள்வி: தெளிந்த கண்ணாடியாக இருந்த எங்கள் கேக் தட்டு யன்னலோரம் வைத்த பிறகு வருடக் கணக்கில் மெல்ல ஊதா நிறமாகிவிட்டது. பழுதாகிறதா? (பருத்தித்துறை)

பதில்: பழுது இல்லை. மணலில் உள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சை நிறம் தரும், அதைப் போக்க மங்கனீசு சேர்ப்பார்கள். அந்த மங்கனீசு வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் ஊதாவாக மாறும். உங்கள் தட்டு முதலாம் உலகப் போருக்கு முந்தியதாக இருக்க இது நல்ல சாட்சி, ஏனென்றால் போரோடு மங்கனீசு தட்டுப்பாடாகி ஆலைகள் செலினியத்துக்கு மாறத் தொடங்கின. அலுமாரிக்குள் வைத்தால் மேலும் நிறம் ஏறாது. நிறம் வரட்டும் என்று மற்றப் பாத்திரங்களைக் கொண்டுபோய் வெயிலில் வைக்காதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: காசு பார்க்கும் நீல லைற்றுக்கு அடியில் எங்கள் மஞ்சள் நிற உப்புக் கிண்ணத்தைத் தற்செயலாக வைத்தேன், பச்சையாக எரிந்தது. பயமாக இருக்கிறது. (யாழ் நகரக் கடைக்காரர்)

பதில்: அது யுரேனியம் சேர்த்த கண்ணாடி. நிறத்துக்காக மிகச் சிறிய அளவில் சேர்த்தது. அலுமாரியில் வைத்திருப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் பாவிக்காதீர்கள். தூள் உப்புக்குள் ஈரம் ஏறாத மருந்து சேர்க்கத் தெரியாத காலத்தில் குலுக்கிப் போடும் உப்புச்சாடி அடைத்துக்கொள்ளும், அதனால் ஒவ்வொருவர் தட்டுக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு சின்னத் திறந்த கிண்ணம் வைப்பார்கள். மாரி காலத்தில் ஆனையிறவு உப்பை வைத்துச் சமைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி: எவ்வளவு கழுவினாலும் கண்ணாடியில் படிந்த வெள்ளைப் புகார் மாதிரி மங்கல் போகவில்லை. சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்தாயிற்று. (சுன்னாகம்)

பதில்: ஐயோ, தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அச்சுக்கண்ணாடிக்குப் பிறக்கும்போதே ஒரு மினுக்கம் உண்டு. அமுக்கிய பிறகு திரும்பச் சூளை வாயில் காட்டி மேற்பரப்பை லேசாக உருக்கித்தான் அந்த மினுக்கத்தை வரவைப்பார்கள். சாம்பலில் உள்ள மணல் அதைக் கீறிவிட்டால் பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது.

நம் பகுதிக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது, கேத்திலுக்குள் வெள்ளைப் படை கட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே படைதான் வைரக் குழிகளுக்குள் காய்ந்து நிற்கிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரும் வினாகிரியும் சம அளவில் கலந்து பிளாஸ்டிக் பேசினில் பழைய துவாயை விரித்து அதற்குள் பாத்திரத்தை ஒரு இரவு ஊறவிடுங்கள். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ப் புளி. காலையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால், மென்மையானதாகப் பார்த்து, குழி குழியாகத் தேயுங்கள். வாய் ஒடுங்கிய சாடியென்றால் ஒரு பிடி பச்சையரிசியும் கொஞ்சத் தண்ணீரும் போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். கடைசியாக ஒருமுறை மழைத் தண்ணீரிலோ கொதித்து ஆறிய தண்ணீரிலோ அலசி உடனே துணியால் ஒற்றிவிடுங்கள், காய விட்டால் திரும்பவும் புள்ளி விழும். விளிம்பில் பொன் பூச்சு இருந்தாலோ, முன்பு சொன்ன ஒலிக்கும் ஈயக் கண்ணாடி என்றாலோ புளிப்பு எதுவும் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர் போதும்.

இரண்டு தரம் இப்படிச் செய்தும் புகார் போகவில்லையென்றால் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துவிட்டது என்று அர்த்தம், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். என்னிடம் இப்படி ஒரு பழப் பீரிஸ் இருக்கிறது, பூவும் பொத்தானும் மாறி மாறி வரும் வடிவம், நடுவில் மட்டும் பால் சிந்தின மாதிரி ஒரு மங்கல். எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் மெஷினில் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். விளிம்புப் பொத்தான்கள் இன்னும் பளபளவென்று இருப்பதால் நடுவைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படும், ஆனாலும் எறிய மனம் வரவில்லை.

கொதிக்கக் கொதிக்கப் பாயாசம் ஊற்றலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். கூடாது. தடித்த கண்ணாடி உள்ளே சூடேறும் வேகத்தில் வெளியே ஏறாது, வெடிக்கும்.

கேள்வி: விற்றால் எத்தனை இலட்சம் போகும்? (நல்லூர், திருநெல்வேலி, இன்னும் பலர்)

பதில்: இலட்சங்களை எதிர்பார்க்க வேண்டாம். இவை இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட சாமான்கள். அரிய நிறத்தில் உள்ள லேஸ் கண்ணாடி மாதிரிச் சில மட்டும் சேகரிப்போரிடம் நல்ல விலைக்குப் போகும், மற்றவை சாதாரண விலைதான். 20ஆம் நூற்றாண்டில் பழைய அச்சுகளிலும் புது அச்சுகளிலும் திரும்பச் செய்தவையும் நிறைய இருக்கின்றன. தொடும்போது எண்ணெய் பூசின மாதிரி வழுக்கினால், முகங்களும் மயிர்களும் தெளிவில்லாமல் மொத்தையாக இருந்தால் யோசியுங்கள்.

கேள்வி: பூச்சாடி என்று நினைத்துச் செவ்வரத்தம் பூ வைத்துவந்த ஒன்றைச் சீனிக் கிண்ணத்தின் சோடி என்கிறார் கனடாவிலிருந்து வந்த சித்தப்பா. மூடியே இல்லையே? (வட்டுக்கோட்டை)

பதில்: சித்தப்பா சொல்வது சரியாக இருக்கலாம். அமெரிக்க வீடுகளில் மேசைத் தொகுதி என்றால் நான்கு: மூடி போட்ட வெண்ணெய்ப் பாத்திரம், மூடி போட்ட சீனிக் கிண்ணம், பால் ஊற்றும் சாடி, பிறகு தேக்கரண்டிகளை நிமிர்த்தி வைக்கும் ஒரு நிற்கும் கிண்ணம். நாலாவதற்கு மூடியே கிடையாது, விளிம்பு பெரும்பாலும் அலை அலையாக இருக்கும். மூடி தொலைந்த சீனிக் கிண்ணமென்றால் விளிம்பின் உட்பக்கம் மூடி உட்காரும் ஒரு படி தெரியும். அந்தப் படி இல்லை, விளிம்பு அலை, உயரம் ஒரு சாண் வராது என்றால் அது கரண்டிக் கிண்ணம். ஒரு சாணுக்கு மேலே உயர்ந்து நின்றால் செலறித் தண்டை நிமிர்த்தி வைத்துப் பரிமாறிய சாடியாக இருக்கலாம், அந்தக் காலத்தில் செலறி விருந்தாளிக்கு வைக்கும் சாமான். செவ்வரத்தம் பூவை எடுக்கத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் அப்பு தேத்தண்ணியைப் பீரிஸில் ஊற்றி ஊதி ஊதித்தான் குடிப்பார். வெள்ளைக்காரர் பார்த்தால் சிரிப்பார்கள் என்று பெரியம்மா பேசுவா. எங்கள் வீட்டில் உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடித் தட்டும் இருக்கிறது, பீரிஸுக்குச் சின்னது, எதற்கென்று தெரியவில்லை. (காரைநகர்)

பதில்: பெரியம்மாவிடம் சொல்லுங்கள், அமெரிக்கர்களும் அப்படித்தான் குடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தேநீரைப் பீரிஸில் ஊற்றி ஆற்றிக் குடிப்பது அங்கே சாதாரண வழக்கம். பீரிஸ் கையில் இருக்கும்போது நனைந்த கோப்பையை எங்கே வைப்பது? மேசை விரிப்பில் கறை படும். அதற்கென்றே கோப்பைத் தட்டு என்று ஒன்றை அச்சில் அடித்தார்கள், 3 அல்லது மூன்றரை அங்குல விட்டம், நூற்றுக்கணக்கான வடிவங்கள். இதயம், கழுகு, நீராவிக் கப்பல், பொஸ்டனின் பங்கர் ஹில் போர் நினைவுத்தூண், 1840 ஜனாதிபதித் தேர்தலில் நின்ற ஹரிசனின் சின்னமான மரக்குடிசை என்று கையகலத் தட்டுக்குள் ஊர்க் கதையெல்லாம் இருக்கும். பீரிஸில் குடிக்கும் பழக்கம் நூற்றாண்டின் நடுவில் மறைந்தபோது தட்டும் மறைந்தது.

உங்கள் தட்டை அடிமட்டம் வைத்து அளந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னணியில் நுண்புள்ளிகள் இருக்கிறதா, நடுவில் என்ன உருவம் என்று பார்த்து எழுதுங்கள். தட்டிப் பார்க்க வேண்டாம், அவ்வளவு சின்னது கையிலிருந்து வழுக்கிவிடும்.